ஒரே பொருள், வேறு வாக்கியம்: ஆங்கில வகுப்புக்கு எந்த ஆட்டம்?

'ஹி டிசைடட் க்விக்லி' என்ற வாக்கியத்தை, 'டிசிஷன்' என்ற சொல்லை வைத்து அதே பொருளில் மாற்றிச் சொல்லச் சொன்னால், ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்களில் பலர் எழுதுவது இதுதான்: 'ஹி டிசிஷன் க்விக்லி'. சொல்லை மாற்றியிருக்கிறார்கள், வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். 'ஹிஸ் டிசிஷன் வாஸ் க்விக்' என்று வர வேண்டுமானால் 'ஹி' 'ஹிஸ்' ஆக வேண்டும், 'க்விக்லி'யின் வால் உதிர வேண்டும், புதிதாக ஒரு வினை வந்து உட்கார வேண்டும். 'ஹி மேட் அ க்விக் டிசிஷன்' என்றால் 'மேட்' தேவை, 'அ' தேவை. வினையைப் பெயராக்கிய மறுகணமே மூன்று நான்கு இடங்களில் வேலை வந்துவிடுகிறது.

தமிழில் இந்தச் சிக்கல் இந்த அளவுக்கு இல்லை. 'அவன் விரைவாக முடிவெடுத்தான்', 'அவன் முடிவு விரைவானது' என்ற இரண்டிலும் 'அவன்' அப்படியே நிற்கிறது. விரைவு, விரைவான, விரைவாக என்று ஓர் ஒட்டுச் சேர்த்தால் சொல்வகை மாறிவிடும். அழகு, அழகான, அழகாக என்பதும் அப்படித்தான். இந்த ஒழுங்கில் பழகிய பிள்ளை, ஆங்கிலத்திலும் ஒட்டை மாற்றினால் போதும் என்று நினைப்பது இயல்பு. அது கவனக்குறைவு அல்ல, தாய்மொழி தந்த பழக்கம். ஆகவே இதை விதியாகச் சொல்லித் திருத்துவதைவிட, திரும்பத் திரும்ப வாக்கியத்தைப் பிரித்துக் கட்டும் பயிற்சியால்தான் மாற்ற முடியும். ஆட்டம் தேவைப்படுவது அந்தத் திரும்பத் திரும்ப என்பதற்காகத்தான்.

சொல்வகையையும், ஒரே பொருளை வேறு வாக்கியத்தில் சொல்லும் மாற்றுரையையும் சேர்த்துப் பழக்க ஆசிரியர்கள் எடுக்கக்கூடிய ஆட்டங்கள் நான்கு: சொற்குடும்பச் சீட்டு, தடைச்சொல், மடிப்புத் தாள், பகடை. நாற்பது மாணவர்கள், நாற்பது நிமிடப் பீரியட், நகர்த்த முடியாத பெஞ்சுகள், புரொஜக்டர் இல்லை என்று வைத்துக்கொண்டு இவற்றை ஒப்பிடலாம். நான்குக்கும் ஐந்து பேர் கொண்ட எட்டுக் குழுக்கள் போதும். முன் பெஞ்சில் இருப்பவர்கள் பின்னால் திரும்பி உட்கார்ந்தாலே குழு அமைந்துவிடும்.

ஆட்டத்துக்கு முன்னால் மாற்றுரை என்றால் என்ன என்று விளக்க ஆங்கில இலக்கண நூலைத் தேட வேண்டாம். செய்யுள் பாடத்தில் வரும் பொழிப்புரை மாணவர்களுக்குத் தெரியும். பதவுரை சொல்லுக்குச் சொல் பொருள் தரும், பொழிப்புரை மொத்தப் பொருளையும் நம் வாக்கியத்தில் தரும். இன்று எழுதப்போவது பொழிப்புரை, பதவுரை அல்ல என்று ஒரு வரி சொன்னால், சொல்லுக்குச் சொல் அகராதிப் பொருளை நிரப்பும் பழக்கம் கணிசமாகக் குறையும். பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தாளில் பாடல் வரிகளுக்கு இப்படி எழுதச் சொல்லும் வினா வருவதால் மாணவர்களுக்கும் இதில் அக்கறை இருக்கும்.

சொற்குடும்பச் சீட்டு

இதை விரைவாகக் கடந்துவிடலாம். 'சக்ஸீட்', 'சக்ஸெஸ்', 'சக்ஸெஸ்ஃபுல்', 'சக்ஸெஸ்ஃபுல்லி' என்று ஒரே வேரில் பிறந்த நான்கு சொற்களை நான்கு சீட்டில் எழுதி, ஆறு குடும்பத்துக்கு இருபத்துநான்கு சீட்டுகளைக் கலக்கிப் போடுவார்கள். குடும்பத்தை முதலில் சேர்த்தவருக்கு வெற்றி. ஓர் ஏ4 தாளை மூன்று முறை மடித்து வெட்டினால் எட்டுச் சீட்டு, ஒரு குழுவுக்கு மூன்று தாள். தயாரிப்பு எளிது, பிள்ளைகளுக்கும் பிடிக்கும். வகுப்பு கலகலப்பாக இருப்பதால் கற்றல் நடக்கிறது என்ற எண்ணமும் வந்துவிடும்.

ஆனால் முதல் நான்கு எழுத்தைப் பார்த்தே சேர்த்துவிட முடியும். எது பெயர், எது பெயரடை என்று தெரியாமலேயே ஒருவர் ஆறு குடும்பத்தையும் வெல்லலாம். வாக்கியம் எங்குமே வருவதில்லை. ஆகவே இதைத் தனி ஆட்டமாக வைக்க வேண்டாம். மற்ற ஆட்டத்துக்கு முன் பத்து நிமிடம், சொற்களை அறிமுகப்படுத்த மட்டும் பயன்படுத்தலாம். அப்போதும் சேர்த்த குடும்பத்தைப் பெயர், வினை, பெயரடை, வினையடை என்ற வரிசையில் அடுக்கினால்தான் புள்ளி என்று வைக்க வேண்டும்.

தடைச்சொல்

அமெரிக்காவில் 1989இல் பார்க்கர் பிரதர்ஸ் வெளியிட்ட 'டாபூ' என்ற ஆட்டத்திலிருந்து வகுப்பறைக்கு வந்தது இது. சீட்டில் ஒரு சொல், அதன் கீழே சொல்லக்கூடாத ஐந்து சொற்கள். ஒருவர் விளக்க, மற்றவர்கள் ஒரு நிமிடத்துக்குள் கண்டுபிடிக்க வேண்டும். எதிரணியிலிருந்து ஒருவர் பின்னால் நின்று சீட்டைப் பார்த்து, தடைச்சொல் வந்தால் நிறுத்துவார். பள்ளி வகுப்புக்கு ஐந்து தடை அதிகம், மூன்று போதும். ஐந்து வைத்தால் நடுத்தர மாணவர் வாயைத் திறக்கவே தயங்குவார்.

சுற்றி விளக்கும் திறனுக்கு இதைவிட நல்ல ஆட்டம் இல்லை. சொல் தெரியாத இடத்தில் வேறு வழியாகச் சொல்லிச் சமாளிப்பது மொழி பேசுபவர் ஒவ்வொருவருக்கும் தேவை, இது அதை நேரடியாகப் பழக்குகிறது. ஆனால் இரண்டு குறைகள் உண்டு.

முதல் குறை, வாக்கியம் வராமல் சொற்கள் மட்டும் உதிர்வது. 'ஹாஸ்பிடல்' என்ற சீட்டுக்கு 'ஒயிட் டிரெஸ்... பெட்... இன்ஜெக்‌ஷன்...' என்று மூன்று சொல்லைக் கொட்டினாலே விடை வந்துவிடுகிறது. நேரம் குறைவு என்பதால் சொல்பவர் இலக்கணத்தை விட்டுவிடுகிறார். இதற்கு மருந்து, போர்டில் மூன்று தொடக்கங்களை எழுதிவைப்பது: 'இட் இஸ் அ ப்ளேஸ் வேர்', 'இட் இஸ் சம்ஒன் ஹூ', 'இட் இஸ் சம்திங் யூ யூஸ் டு'. இவற்றில் ஒன்றால் தொடங்கும் முழு வாக்கியத்துக்கு மட்டுமே விடை சொல்லலாம் என்று விதி வைத்தால் உதிரிச்சொற்கள் நின்றுவிடும்.

இரண்டாவது குறை ஆழமானது. மூல ஆட்டத்தின் விதிப்படி, சீட்டில் உள்ள சொல்லின் எந்த வடிவத்தையும் சொல்லக்கூடாது. 'டீச்சர்' என்றால் 'டீச்' என்பதும் தடை. அதாவது நாம் பழக்க விரும்பும் சொற்குடும்பத்தையே ஆட்டம் வாசலில் தடுத்து நிறுத்துகிறது. 'டாபூ'வை அப்படியே எடுத்து வந்து சொல்வகைப் பயிற்சி என்று பெயர் வைத்தால், சொல்வகை பழகாமல் போவதற்குக் காரணம் இதுதான்.

விதியைத் தலைகீழாக்க வேண்டும். சீட்டில் உள்ள சொல்லைச் சொல்லக்கூடாது, ஆனால் அதே குடும்பத்தின் வேறு வகைச் சொல் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சீட்டில் 'ஸ்ட்ரெங்த்' இருந்தால், விளக்குபவர் 'அ ஸ்ட்ராங் மேன் ஹேஸ் திஸ்' என்பார். பொருளைக் கண்டுபிடிப்பது எளிதாகிவிடும், வடிவத்தைக் கண்டுபிடிப்பது கடினமாகும். 'ஸ்ட்ராங்னெஸ்' என்று ஒருவர் கத்துவார், அது தவறு. 'ஹை' என்றதும் 'ஹைட்', 'டீப்' என்றதும் 'டெப்த்', 'சூஸ்' என்றதும் 'சாய்ஸ்', 'டை' என்றதும் 'டெத்' வர வேண்டும். ஒழுங்கில் அடங்காத இத்தகைய பெயர்ச்சொற்களுக்கு இந்தத் தலைகீழ் வடிவம் மிகப் பொருத்தம். ஒரு சீட்டுக்கு இரண்டு முயற்சிகளுக்கு மேல் தரக்கூடாது. தந்தால் '-னெஸ்', '-மென்ட்', '-ஷன்', '-இட்டி' என்று எல்லா வாலையும் ஒட்டிப் பார்த்துவிடுவார்கள்.

சீட்டு மாற்றும் நேரம் சேர்த்து ஒரு சுற்றுக்கு ஒன்றரை நிமிடம் ஆகும். இருபது நிமிடத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு மூன்று முறை விளக்கும் வாய்ப்பு வரும். எட்டுக் குழுவும் ஒரே நேரத்தில் பேசுவதால் சத்தம் இருக்கும், பக்கத்து வகுப்பில் தேர்வு நடக்கும் நாளில் இதை வைக்க முடியாது. எழுத்தில் எதுவும் மிஞ்சாது என்பதும் நினைவில் இருக்கட்டும். யார் என்ன தவறு செய்தார் என்று பிறகு பார்க்க வழி இல்லை.

மடிப்புத் தாள்

சத்தமே இல்லாத ஆட்டம் வேண்டுமென்றால் இது. குழுவில் ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு தாள், ஒவ்வொன்றின் தலையிலும் வேறு வேறு வாக்கியம். மூன்று நிமிடத்தில் அதை வேறு விதமாக எழுதி, மேல் வரியை உள்ளே மடித்து, தான் எழுதியது மட்டும் தெரியும்படி வலப்பக்கம் தர வேண்டும். நான்கு முறை கை மாறினால் பன்னிரண்டு நிமிடம். பிறகு தாளைப் பிரித்து முதல் வரியையும் கடைசி வரியையும் ஒப்பிட வேண்டும்.

ஐந்து பேரும் ஒரே நேரத்தில் எழுதுகிறார்கள், யாரும் ஒளிந்துகொள்ள முடியாது. பொருள் எந்த வரியில் வழுக்கியது என்பது கண்ணெதிரே தெரியும். அந்த ஒரு காரணத்துக்காகவே மாதம் ஒரு முறையாவது இதை வைக்கலாம்.

கெடுவது எங்கே என்றால், முதல் வரியிலேயே. இரண்டாவது ஆள் தவறாக எழுதினால் மூன்றாவது ஆளுக்குக் கிடைப்பது பொருளற்ற வாக்கியம், அவர் திருத்துவதா, மாற்றுவதா என்று விழிப்பார். கடைசி இரண்டு வரிகள் தெரியும்படி மடிக்கச் சொன்னால் இது பெரிதும் தீரும். இன்னொன்று, எல்லாரும் ஒரே சொல்லுக்கு ஒத்த சொல்லைத் தேடிக்கொண்டே போவது. 'பிக்' 'லார்ஜ்' ஆகி, 'ஹ்யூஜ்' ஆகி, 'ஜெயண்ட்' ஆகி நிற்கும், வாக்கிய அமைப்பு அசையாது. இதைத் தடுக்க ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் முன்பே 'பெயர்', 'பெயரடை', 'வினையடை' என்று எழுதிவைத்து, அந்த வகையில்தான் முக்கியச் சொல் வர வேண்டும் என்று கட்டுப்படுத்தலாம். அப்படிச் செய்தால் இது பகடை ஆட்டத்தின் எழுத்து வடிவமாகிவிடும்.

பகடை

வாக்கியத்தைப் பிரித்துக் கட்டச் செய்வதில் மற்ற மூன்றையும்விட இது வலிமையானது. எந்தச் சொல்வகையில் மாற்ற வேண்டும் என்பதை ஆசிரியரோ மாணவரோ அல்ல, பகடை தீர்மானிக்கிறது. அதனால் தெரிந்த வடிவத்துக்குள் ஒதுங்க முடியாது.

கடையில் பகடை வாங்கத் தேவையில்லை. தாயக்கட்டைக்கு நான்கு முகம், சொல்வகையும் நான்கு. ஒரு புள்ளி பெயர், இரண்டு வினை, மூன்று பெயரடை, வெற்று முகம் வினையடை. பித்தளைக் கட்டை மரப் பெஞ்சில் விழுந்தால் எட்டுக் குழுவின் சத்தம் தாங்காது, நோட்டுப் புத்தகத்தின் மேல் உருட்டச் சொல்ல வேண்டும். கட்டை கிடைக்காவிட்டால் ஆறு பட்டைப் பென்சிலே போதும். நான்கு பட்டையில் வகைகளை எழுதி, மீதி இரண்டில் 'விருப்பம்' என்று எழுதினால் தடுமாறும் மாணவருக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கும்.

குழுவில் இருவர் இருவராக இரண்டு அணி, ஐந்தாமவர் நடுவர். நடுவர் மூன்று சீட்டுக்கு ஒருமுறை மாறுவார். சீட்டில் ஒரு வாக்கியம், அதில் அடிக்கோடிட்ட ஒரு சொல், அந்தக் குடும்பத்தில் எந்தெந்த வகைகள் உண்டு என்ற குறி, இவ்வளவுதான். உருட்டிய அணி தொண்ணூறு விநாடிக்குள் வாக்கியத்தை மாற்றி எழுதிக் காட்ட வேண்டும். பன்னிரண்டு சீட்டுக்குப் பதினெட்டு நிமிடம். மூல வாக்கியத்தில் உள்ள வகையே விழுந்தால் மறுபடி உருட்டலாம்.

சீட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி. 'திஸ் புக் டிஃபர்ஸ் ஃப்ரம் தட் ஒன்' என்பது வாக்கியம், 'டிஃபர்ஸ்' அடிக்கோடு. பெயரடை விழுந்தால் 'திஸ் புக் இஸ் டிஃபரன்ட் ஃப்ரம் தட் ஒன்'. பெயர் விழுந்தால் 'தேர் இஸ் அ டிஃபரன்ஸ் பிட்வீன் தி டூ புக்ஸ்'. இரண்டாவதில் 'ஃப்ரம்' போய் 'பிட்வீன்' வந்ததைப் போர்டில் வட்டமிட்டுக் காட்ட வேண்டும். 'ஷி சிங்ஸ் வெல்' என்பது 'ஷி இஸ் அ குட் சிங்கர்' ஆகும்போது 'வெல்' 'குட்' ஆகிறது. 'ஷி சக்ஸீடட் இன் ரிப்பேரிங் தி பம்ப்' என்பதை வினையடையில் சொன்னால் 'ஷி சக்ஸெஸ்ஃபுல்லி ரிப்பேர்ட் தி பம்ப்', இங்கே முதன்மை வினையே இடம் மாறிவிடுகிறது. இந்த மூன்றையும் ஆட்டத்துக்கு முன் ஐந்து நிமிடத்தில் செய்து காட்டினால் போதும்.

புள்ளி முறையில்தான் ஆட்டத்தின் உயிர் இருக்கிறது. சொல் வடிவம் சரி என்றால் ஒன்று, வாக்கியம் இலக்கணப்படி நின்றால் ஒன்று, பொருள் மாறாமல் இருந்தால் ஒன்று. மூன்றையும் சேர்த்து ஒரே புள்ளியாக வைத்தால், தட்டுத்தடுமாறும் மாணவருக்கு எப்போதும் பூஜ்யமே கிடைக்கும், இரண்டு சுற்றில் விட்டுவிடுவார். கேம்பிரிட்ஜ் நடத்தும் ஆங்கிலத் தகுதித் தேர்வான பி2 ஃபர்ஸ்ட்டில் கொடுத்த சொல்லை வைத்து வாக்கியத்தை மாற்றும் பகுதியில் ஆறு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண் வரை. பாதி சரியாக இருந்தால் ஒன்று கிடைக்கும். அங்கே கொடுத்த சொல்லை உருமாற்றக்கூடாது, அதையும் சேர்த்து இரண்டு முதல் ஐந்து சொல்லுக்குள் இடத்தை நிரப்ப வேண்டும். அந்தத் தேர்வுக்குத் தயாராகும் வகுப்பு என்றால் ஐந்து சொல் என்ற எல்லையைப் பகடை ஆட்டத்திலும் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த ஆட்டம் சறுக்கும் இடங்கள் தயாரிப்பில்தான் இருக்கின்றன. எல்லாக் குடும்பத்திலும் நான்கு வகையும் இருப்பதில்லை. இருந்தாலும் பொருள் ஒன்றாக இருப்பதில்லை. 'டிசைட்' குடும்பத்தின் பெயரடை 'டிசைசிவ்', ஆனால் அது 'உறுதியான, முடிவைத் தீர்மானிக்கிற' என்ற பொருளைத் தரும். 'ஹி டிசைடட்' என்பதன் மாற்றுரை 'ஹி வாஸ் டிசைசிவ்' அல்ல. 'ஹார்ட்' உடன் '-லி' சேர்த்து 'ஹார்ட்லி' என்று எழுதினால், கடுமையாக உழைத்தவர் அரிதாகவே உழைத்தவராகிவிடுவார். 'லேட்', 'லேட்லி'யும் இப்படியே. 'ஃப்ரெண்ட்லி' வினையடை போலத் தோன்றும் பெயரடை. அதை வினையடையாக்க 'இன் அ ஃப்ரெண்ட்லி வே' என்று தொடராகத்தான் சொல்ல முடியும். 'எகனாமிக்', 'எகனாமிக்கல்' இரண்டும் பெயரடை, பொருள் வேறு. இவற்றை முதல் நாள் சீட்டில் வைக்காதீர்கள். வகுப்பு ஆட்டத்துக்குப் பழகிய பிறகு, வேண்டுமென்றே மூன்று சீட்டில் வைத்து, 'இந்த வகையில் பொருள் மாறும்' என்று அகராதியைக் காட்டி நிறுவும் அணிக்கு மூன்று புள்ளி தரலாம்.

முதல் நாளுக்கு 'டிஃபர்', 'சக்ஸீட்', 'கேர்', 'ஹோப்', 'அட்ராக்ட்', 'கிரியேட்' குடும்பங்கள் பாதுகாப்பானவை. 'கேர்', 'ஹோப்' இரண்டிலும் பெயரும் வினையும் ஒரே வடிவம், அதையும் சொல்லிவைக்க வேண்டும். இல்லையென்றால் 'ஹோப்' என்பது வினை மட்டுமே என்று நினைத்துப் பெயருக்கு '-ஃபுல்னெஸ்' வரை போய்விடுவார்கள்.

தமிழ்வழி மாணவர்களுக்கு இன்னொரு பள்ளம் உண்டு. ஆங்கிலச் சொல்லின் தலைக்கு மேல் தமிழில் உச்சரிப்பை எழுதிப் படிப்பவர்களுக்கு, அறிவுரை என்ற பெயரும் அறிவுரை கூறு என்ற வினையும் ஒன்றாகவே தெரியும். இரண்டுக்கும் மேலே 'அட்வைஸ்' என்றுதான் எழுதியிருப்பார்கள். ஆங்கிலத்தில் கடைசி மெய்யின் எழுத்தும் வேறு, ஒலியும் வேறு. நடைமுறைக்கான பெயரும் பழகுவதற்கான வினையும் 'பிராக்டிஸ்' என்று ஒரே ஒலியில் வந்து, பிரிட்டிஷ் எழுத்துமுறையில் மட்டும் வேறுபடுகின்றன. இத்தகைய சொற்களை வாயால் ஆடும் தடைச்சொல்லில் பழக்க முடியாது, எழுதிக் காட்டும் ஆட்டத்தில்தான் பிழை வெளியே வரும்.

செலவும் உழைப்பும் எவ்வளவு? பன்னிரண்டு சீட்டுக்கு ஒன்றரைத் தாள், எட்டுக் குழுவுக்கு ஜெராக்ஸ் பன்னிரண்டு தாள், நடுவருக்கான விடைத்தாள் எட்டு, ஆக மொத்தம் இருபது. நேரத்தை விழுங்குவது விடைத்தாள்தான். ஒரு சீட்டுக்கு மூன்று வகை என்றாலே முப்பத்தாறு விடை, ஒவ்வொன்றுக்கும் ஏற்கத்தக்க வடிவங்கள் இரண்டாவது எழுத வேண்டும். ஒரு மாலை முழுக்க ஆகும். விடைத்தாளில் ஒரே ஒரு விடை இருந்தால் நடுவர் சரியான வாக்கியத்தையும் தவறு என்பார், சண்டை வரும், ஆசிரியர் எட்டுக் குழுவுக்கும் ஓட வேண்டியிருக்கும். ஐயத்துக்குரிய விடையை ஒரு தாளில் எழுதிவைத்து இறுதிப் பத்து நிமிடத்தில் போர்டில் பார்ப்போம் என்ற ஏற்பாடு, அந்த ஓட்டத்தைப் பெருமளவு மிச்சப்படுத்தும்.

எதை எப்போது

நாளைக்கே வகுப்பு, தயாரிக்க நேரமில்லை என்றால் தலைகீழ்த் தடைச்சொல். இருபது சொல்லும் ஒரு கைக்கடிகாரமும் போதும். ஆறாம், ஏழாம் வகுப்புக்கும் இதுவே ஏற்றது, அந்த வயதில் பகடை ஆட்டத்தின் வாக்கிய மாற்றம் அதிகப் பாரம். எட்டாம் வகுப்புக்கு மேல், பருவம் முழுக்கப் பயன்படும் ஒன்றில் உழைப்பைப் போட நினைத்தால் பகடையைத் தயாரியுங்கள். வகுப்பில் ஐம்பதுக்கு மேல் இருந்து, நடுவரை நம்ப முடியாத நிலை என்றால் மட்டும் பகடைக்குப் பதில் ஓரக் குறியிட்ட மடிப்புத் தாள். அதைச் சேகரித்து வீட்டில் திருத்தலாம், நடுவரே தேவையில்லை.

பகடையைத் தொடங்கிய முதல் இரண்டு வாரங்களில் வினை, பெயர் என்ற இரண்டு முகங்களை மட்டும் வைத்து ஆடுங்கள். 'மேக் அ டிசிஷன்', 'கிவ் ஹெல்ப்', 'ஹேவ் அ டாக்' போன்ற, வினையும் பெயரும் சேர்ந்த தொடர்கள் அப்போதுதான் படியும். தமிழில் முடிவு எடுக்கிறோம், முடிவு செய்கிறோம், ஆகவே 'டூ டிசிஷன்' என்று எழுதுவார்கள், அந்தப் பிழை குறையும்வரை பெயரடைக்குப் போக வேண்டாம். மூன்றாம் வாரம் பெயரடை, அதன்பின் வினையடை. ஒவ்வொரு வாரமும் ஐயத் தாளில் சேர்ந்த தவறான வாக்கியங்களில் ஆறைப் பெயர் நீக்கி எடுத்து, அடுத்த வாரச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதிவையுங்கள். அதைத் திருத்தும் அணிக்கு உருட்டாமலே இரண்டு புள்ளி.